வேழங்குறிச்சி என்று சொல்லுங்கள்

மதுமதிக்கு ஜெனரல் ஹாலண்டைப் பிடித்துத்தான் போயிற்று. ஸ்காட்லாந்தில் செருப்புத் தைப்பவரின் மகன். பதினாறு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, சண்டையில் ஒரு கண்ணைப் பறிகொடுத்து, கடைசியில் ஒரு தீவுக்கே கவர்னரானவர். அவரைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ்க் குரல் அவள்தான். டெல்லியில் துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து ஸ்டூடியோவுக்கு வருவாள்.

பாதியில் ஒரு வரி வந்தது. 'இந்தியாவின் தெற்கே கலகத்தை அடக்கி அமைதியை நிலைநாட்டினார்.'

வாசிப்பதை நிறுத்தினாள்.

"முதல்ல அனுப்பின பிரதியில இப்படி இல்லையே அக்ஷய். வேழங்குறிச்சியைக் கொளுத்தினார், கண்மாய்ல ஒளிஞ்சவங்களைச் சுடச் சொன்னார்னு இருந்துதே."

டைரக்டர் அக்ஷய் ஹெட்போனைக் கழற்றினான். "விடு மது. படத்துக்குப் பணம் போடறது ஜெனரலோட எள்ளுப்பேரன். மனுஷன் சங்கடப்படுவார். ஒரு வரிதானே?"

"ஒரு ஊரு. நான் வாசிக்க மாட்டேன்."

"வேற ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடு."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த வரியை வேறொரு பெண் வாசித்தாள்.

கோல் மார்க்கெட் பக்கத்து அரங்கில் படத்தைத் திரையிட்டபோது மதுமதியும் போனாள். யாரும் அழைக்கவில்லை. படம் முடிந்ததும் எள்ளுப்பேரன் மேடையேறினார். வெள்ளைத் தாடி வைத்த, சாதுவான மனிதர். ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றார்.

மதுமதி எழுந்தாள். வெட்டிய வரிகளைத் தமிழில் சொன்னாள், பிறகு அவருக்காக ஆங்கிலத்தில். முன்வரிசையில் அக்ஷய், "பஸ் கரோ, போதும் மது" என்று பல்லைக் கடித்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

பெரியவர், "எனக்கு இது தெரியும். வேண்டாமென்று சொன்னதும் நான்தான்," என்றார். "அந்த ஊரின் பெயர் என்ன சொன்னீர்கள்?"

"வேழங்குறிச்சி."

"வேலன்... குரிச்சி."

"இல்லை. வேழங்குறிச்சி. மறுபடி சொல்லுங்கள்."

அரங்கில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. அவர் முகம் சிவக்கச் சிவக்க மறுபடி சொன்னார், தப்பாக. அவள் திருத்தினாள். வாய் ஓரளவு பழகும்வரை விடவில்லை.

படத்தில் எதையும் மாற்றவில்லை. அக்ஷய் அதற்குப்பின் அவளை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. போகட்டும் என்றுவிட்டாள்.