வெடிக்குப் பயந்தவள்

அப்பாவுக்குப் பாடை கட்டி முடிவதற்குள் அந்த அட்டைப்பெட்டியை எப்படியாவது தடுத்துவிட வேண்டும். சுகன்யாவுக்கு அழுகைகூட வரவில்லை. கண் முழுக்கப் பெட்டி மேலேயே இருந்தது. உள்ளே பத்தாயிரம் வாலா ஒன்று, வான வெடி இரண்டு டஜன். பெரியப்பா மகன் நந்தகுமார் எடப்பாடிவரை போய் வாங்கி வந்திருந்தான்.

"மிலிட்டரிக்காரரைச் சும்மா தூக்கிட்டுப் போக முடியுமா? ஊரே அதிரோணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பாசக்காரன்தான். பாசத்துக்குக் கண் இருந்தால்தானே!

அவள் அப்பா செங்கோடன், எழுபத்தோராம் வருஷச் சண்டைக்குப் போய்வந்தவர். ஊருக்கு அவர் சிங்கம். பள்ளிக்கூட வேன் நிற்கும் இடத்தில் தினமும் நின்று, யார் வீட்டுப் பிள்ளையானாலும் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டவர். கடலைக்காட்டில் மேய்ந்த ஆட்டைக்கூட "போ சாமி" என்றுதான் விரட்டுவார். தீபாவளிக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். கேட்டால், "எம்பட பொண்ணுக்கு வெடின்னா பயமுங்க. தொணைக்கு ஆள் வேணுமல்ல?" என்பார்.

சுகன்யா எந்த வெடிக்கும் பயந்தவளல்ல. ஆனாலும் பயந்தாங்கொள்ளி என்ற பேர் ஒட்டிக்கொண்டது. நந்தகுமார் அவள் காதருகே காகிதப் பையை ஊதி உடைத்துச் சிரிப்பான். பத்து வயதில், ஒரு தீபாவளியன்று ஆத்திரம் தாங்காமல், "நான் எப்பங்கப்பா பயந்தேன்? எதுக்குப் பொய் சொல்றீங்க?" என்று கத்தினாள். அதே நேரம் வாசலில் ஒரு வெடி வெடித்தது. அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே குறுகி உட்கார்ந்துவிட்டார். இரண்டு காதிலும் பஞ்சு.

"பக்கத்துல படுத்திருந்தவன் ஒரே சத்தத்துல இல்லாமப் போயிட்டான் சாமி. ஊருல சொல்லிராத" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளே முந்திக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்குது" என்று கதவைச் சாத்தினாள்.

இப்போது வாயைத் திறந்தால் அவர் காப்பாற்றிய மானம் போகும். மூடினால் அவர் அந்தச் சத்தத்திலேயே போய்ச் சேருவார். நந்தகுமாரிடம் மட்டும் சொல்லலாமென்றால், அவன் வாயில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் ஜலகண்டாபுரம் எட்டிவிடும். மூக்கில் வைக்க வந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்து, யாரும் கேட்பதற்குள் அப்பாவின் காதிலும் வைத்தாள். மனசு ஆறவில்லை.

பாடையைத் தூக்கினார்கள். நந்தகுமார் வாலாவைப் பிரித்தான்.

"அண்ணா, வேண்டாங்க. எனக்குப் பயமா இருக்குது."

எழவு வீடென்றும் பாராமல் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். "நாப்பது வயசாச்சு, இன்னுமா?" என்ற நந்தகுமார், அவள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தான். "சரி சாமி, இங்க வெக்கல. பொம்பளைங்க முச்சந்தியோட திரும்பிருவீங்கல்ல, அதுக்கப்பறம் வெச்சுக்கறோம்."

முச்சந்தி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அங்கே வந்ததும் பெண்கள் மாரடித்து அழுதுவிட்டுத் திரும்பினார்கள். நந்தகுமார் தீப்பெட்டியை எடுத்தான். சுகன்யா திரும்பவில்லை.

"நில்லு, எங்க வார? பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது" என்றான் நந்தகுமார்.

"நான் வாரேனுங்க."

"பயமில்லையா?"

"பயந்தானுங்க. அதனாலதான் வெடி வெக்காதீங்கங்கறேன்."

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். காளியாத்தாள் அத்தை ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். சுகன்யா உதறிவிட்டு, பாடைக்குப் பக்கத்தில், அப்பாவின் தலைமாட்டுக்கு நேராகப் போய் நின்றுகொண்டாள். நந்தகுமார் அவளையும் கையிலிருந்த தீப்பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதொரு பயந்தாங்கொள்ளி" என்று அலுத்துக்கொண்டே வாலாவைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டான்.

சுடுகாடு ஒரு மைல். வழியில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. ஊர் பார்க்க வேண்டுமே என்று, அந்த ஒரு மைலும் சுகன்யா தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டே நடந்தாள்.