கடைசி அட்டையில் ஒரு டிக்

மண்ணெண்ணெய் டின்னோடு திரும்பி வந்த ராஜாம்பாள் முதலில் பார்த்தது மேஜையைத்தான். காலையில் அவள் வைத்துவிட்டுப் போன பச்சை அட்டை நாவல் அங்கே இல்லை. பக்கத்து வீட்டு இருசம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து வேறொரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்த பொஸ்தகம் இன்னாச்சுக்கா?"

"சூசை வாத்தியாரு கேட்டாருன்னு பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் மாயவன் வந்தான், குடுத்து அனுப்பிட்டேன். பாவம், வழியெல்லாம் சைக்கிளத் தூக்கிக்கினு ரோட்டுல வெட்டிப் போட்டிருக்கிற மரத்து மேல ஏறி எறங்கி வந்திருக்கான்." இருசம்மாள் பக்கத்தைத் திருப்பினாள். "நேத்தே படிச்சி முடிச்சிட்டேன். கருமம், கடைசில அவன வுட்டுட்டுப் போயிட்டா அந்தப் பொண்ணு. இன்ட்டு போட்டுத்தான் குடுத்தேன்."

ராஜாம்பாள் டின்னைக் கீழே வைத்தாள்.

விஷயம் புரிய வேண்டுமென்றால் அந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த தங்கச்சி யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று அண்ணன் சுப்புராயன் முன்னறையில் வைத்துக் கொடுத்த வாடகை நூல் நிலையம் அது. கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும் பெண்களும், டீச்சர்களும், மதியத் தூக்கம் பிடிக்காத வீட்டுப் பெண்களும்தான் அவளுடைய ஜனம். மாதம் பிறந்தால் குடும்ப நாவல், காதல் நாவல் என்று மெல்லிய காகிதத்தில் வந்து இறங்கும். மேஜைக் காலில் சணல் கயிற்றில் ஒரு பென்சில் கட்டித் தொங்கும். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் பின்னட்டையின் உள்பக்கத்தில், படித்தது திருப்தி என்றால் டிக், இல்லையென்றால் இன்ட்டு போடுவார்கள். பேர் எழுதுவதில்லை. அடுத்து எடுக்கிறவள் கதை என்ன, எழுதியவர் யார் என்றெல்லாம் கேட்கமாட்டாள், அட்டையைத் திருப்பி டிக்கை எண்ணுவாள். ஆறு வருஷமாக யாரும் சொல்லாமலேயே நடக்கிற சட்டம் இது.

அங்கே வந்து போகும் ஒரே ஆம்பளை சூசை. கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார், கச்சிராயபாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். சனிக்கிழமை தவறாமல் டவுன் பஸ்ஸில் வந்து ரெண்டு காதல் நாவல் எடுத்துப் போவார். முதல் வாரம் டைப்ரைட்டிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "தங்கச்சிக்கா சார்?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "எனக்குத்தாங்க" என்றார் மனுஷன், கொஞ்சமும் கூசாமல். அன்றைக்கே ராஜாம்பாளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் அது பொய். அன்றைக்கு அவளும்தான் சிரித்தாள்.

அவர் போட்டதெல்லாம் பெரும்பாலும் இன்ட்டு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "இன்னா சார், எல்லாத்துக்கும் இன்ட்டு? கடைசில கல்யாணம்தான் ஆயிடுச்சே."

"ஆனா போதுமாங்க? அந்தப் பொண்ணு நூத்தி இருவது பக்கமும் சும்மா ஒக்காந்திருக்குது. அப்பா மனசு மாறுறாரு, மாமா மனசு மாறுறாரு, இல்லன்னா லாரி மோதி கெட்டவன் சாவுறான். எனக்கு இதுதான் வேணும்னு அவ வாயால ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா, கல்யாணமே ஆவலன்னாலும் நான் டிக் போட்டிருப்பேன்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சொல்லிட்டு அவ எங்க போறதாம்? சொல்றதுக்கு முன்னாடி நிக்கிறதுக்கு ஒரு எடம் வேணாமா?"

சூசை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "நீங்க சொன்னத வாரம் முழுக்க யோசிச்சிக்கினு இருந்தேங்க. அதுவும் நெசந்தான்" என்றார். அவள் சொன்ன ஒன்றை ஒருவன் ஏழு நாள் வைத்து யோசித்திருக்கிறான். புருஷனோடு வாழ்ந்த எட்டு வருஷத்தில் அவள் சொன்னது எதையும் யாரும் மறு வேளை வரைக்கும் நினைவு வைத்ததில்லை. அவளுக்குப் பிடித்துப்போனது அந்த நாளில்தான். அதன்பிறகு மூன்று வருஷம் வெறும் புத்தகப் பேச்சாகவே ஓடிற்று.

போன சனிக்கிழமை, புதிதாக வந்து அவரே முதலில் எடுத்துப் போயிருந்த அந்தப் பச்சை அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, சேலம் பக்கம் மாற்றல் வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுல நான் ஒண்ணும் போடல. நீங்க போடுங்க. டிக் போட்டீங்கன்னா ஒங்க அண்ணன்கிட்ட நானே வந்து கேக்குறேன். இன்ட்டுன்னா ஒரு வார்த்த பேசாமப் போயிடுறேன். எதுவா இருந்தாலும் ஒங்க கையால போடுங்க."

அவர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். எந்தத் தெருவிலிருந்து வந்த வேதக்காரர் என்பதை அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ராஜாம்பாள் வாரம் முழுக்கப் பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். தேய்ந்துபோன முனையை ரெண்டு தடவை சீவினாள். இதற்கிடையில் அவள் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை வரைக்கும் லாரி வரிசை நிற்பதாகச் சொன்னார்கள். ரோட்டோரப் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்தன, பஸ் நின்றது. சுப்புராயன் கோடாலியோடு போனவன் மூன்று நாளாக வீடு திரும்பவில்லை. அவன் மகன் தமிழரசனுக்கு மார்க் இருந்தும் காலேஜில் சீட்டு கிடைக்காமல் போன அன்று அண்ணன் சோற்றுத்தட்டின் முன்னால் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். அவன் கோபத்தைக் குற்றம் சொல்ல அவளால் முடியாது. அதே அண்ணன் இதைக் கேட்டால் என்ன செய்வான் என்று நினைக்கையில்தான் ஒவ்வொரு தடவையும் பென்சிலைக் கீழே வைத்தாள். பஸ் ஓடட்டும், அவர் வரட்டும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள்.

"வாத்தியாரு எப்பப் போறாராம்?"

"நாளைக்குக் காலைலயாம். பஸ்ஸு இல்லியே, மலை மேல ஏறி கருமந்துறை வழியா சேலம் பக்கம் எறங்கிடுவாராம். மாயவன் சொன்னான்." இருசம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன் ராஜாம்பா, குடுத்திருக்கக் கூடாதா?"

ஒற்றை இன்ட்டு. சூசை விளக்கு வெளிச்சத்துக்குக்கூடக் காத்திருக்கமாட்டார், வாசலிலேயே அட்டையைத் திருப்புவார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார், சொன்ன சொல் தவறாத மனுஷன். மிச்ச ஆயுளுக்கும் அதை அவள் போட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். போடாமலே இருந்ததும் அவள்தானே. ராஜாம்பாளுக்கு அழுகை வரவில்லை. தன்மேலேயே ஆத்திரம் வந்தது. குனிந்து மேஜைக் காலிலிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஆறு வருஷத்து முடிச்சு அவிழவில்லை. கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வெயில் உச்சியில் நின்றது. பஸ் ஓடாத ரோட்டில் நடப்பது ஆள் இல்லாத ஊரில் நடப்பதுபோல் இருந்தது. முதல் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். ரெண்டாவதைத் தாண்டினாள். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து பச்சை வாசம் வந்தது. கிளையோடு விழுந்த காக்காய்க் கூடு ஒன்று தார்மேல் கிடந்தது. வடக்கனந்தலுக்குக் கொஞ்சம் முன்னால், ரெண்டு பக்கமும் கரும்பு நின்ற இடத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிய புளியமரம் கிடந்தது. அதன் நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுப்புராயன், மூன்று நாள் தாடியோடு.

"எங்க போற?"

"கச்சிராயபாளையம்ணே."

"இந்த நேரத்துல அங்க இன்னா வேல?"

யாருக்காவது உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது அந்தப் பொய்.

"சூசை வாத்தியாரு நாளைக்குப் போறாரு. அவரப் பாக்கணும். என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு. சரின்னு சொல்லப் போறேன்."

ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், சுப்புராயன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சுப்புராயன் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த கோடாலிக் காம்பைப் பிடித்தான், பிறகு விட்டான்.

"வூட்டுக்குப் போ ராஜா," என்றான். அதட்டலாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் மழை வரும்போது சொல்வானே, அந்தக் குரலில் சொன்னான். அதட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தின்மேல் கால் வைத்தாள். பட்டை முழங்காலைக் கிழித்தது. யாரும் கை கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மேலே ஏறி நின்றபோது முன்னால் ரோடு தெரிந்தது. இன்னொரு மரம், அதற்கப்பால் இன்னொன்று, கடைசியில் மலை. இறங்கக் காலை நீட்டியபோது கை பின்னுக்கு இழுபட்டது. பென்சிலில் கட்டியிருந்த சணல் கயிறு பின்பக்கம் தொங்கி ஒரு சுள்ளியில் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தாள், வரவில்லை. பென்சிலை விடவும் இல்லை. கயிற்றின் மறு நுனி சுப்புராயனின் முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கையை அந்தச் சுள்ளியை நோக்கி உயர்த்தினான்.