வரிஸ் கப்பலின் ஐந்தாவது ஆள்

ரீக்காவுக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் இரண்டு மாதமாக ஒரு வார்த்தைகூடப் பேசாமலே பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு வாய் தேவைப்படவில்லை, ஆள்காட்டி விரலே போதுமாயிருந்தது.

தாம்பெரெ நகரில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். பிரவுசரில் பக்கத்தைத் திறந்தால் ஆடலாம், வேறு சடங்கு எதுவும் இல்லை. பெயர் வரிஸ், ஃபின்னிஷ் மொழியில் காக்கை. சென்யா வரைந்த விண்கப்பல் காக்கை மாதிரி இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான்கு பேர் நான்கு ஊரில் உட்கார்ந்து ஒரே கப்பலை ஓட்ட வேண்டும். ஒருவருக்கு உலை, ஒருவருக்குக் காற்று, ஒருவருக்கு ஓட்டை அடைக்கும் வேலை, ஒருவருக்குச் சுக்கான். அவரவர் அளவு காட்டும் முள் அவரவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் வாய்விட்டுப் பேசினால்தான் பிழைக்க முடியும். பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தால் கப்பல் வீடு போய்ச் சேரும். பக்கத்து வீட்டுக்காரனிடம் வருடத்துக்கு இரண்டு வாக்கியம் பேசுகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு விளையாட்டைச் செய்வது வம்பை விலைக்கு வாங்குகிற வேலைதான்.

விதிகளை எழுதுகிறவன் யார்க்கோ. படமும் சத்தமும் சென்யாவுடையவை. கப்பல்கள் ஓடும் சர்வர் ரீக்காவின் பொறுப்பு. ரீக்கா பதினோரு வருடத்தில் நான்கு ஆபீஸ் மாறியவள். காலையில் எழுந்து போக மனம் வந்த முதல் இடம், ரப்பர் வாடை அடிக்கும் இந்த அறைதான். யார்க்கோவுக்கோ ஹெல்சின்கியில் அவனுடைய பழைய வேலை, லிஃப்ட்டுகளுக்கு மென்பொருள் எழுதுவது, இன்னும் காத்துக்கொண்டிருந்தது. ஆட்டம் வெளியானபின் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தால் இருப்பான், இல்லாவிட்டால் ஆகஸ்டில் போய்விடுவான். அதை அவன் வானிலை சொல்வதுபோலச் சொன்னான். ஆகஸ்டுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று ரீக்கா எண்ணிப் பார்த்தாள்.

வியாழன்தோறும் மதியம் கடுகு போட்ட பட்டாணி சூப், மாலை ஐந்து மணிக்குச் சோதனை ஆட்டம். பெயர் கொடுத்தவர்கள் நான்கு நான்கு பேராக வந்து ஆடுவார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, எல்லா முட்களையும் ரீக்கா தன் திரையில் ஒன்றாகப் பார்ப்பாள். பழுது தேடுவதற்காக அதில் ஏழு பொத்தான்கள் வைத்திருந்தாள். காற்றை நிரப்பலாம், தீயை அணைக்கலாம், உலையைக் குளிர்விக்கலாம். ஆள் இல்லாத கப்பலில் அழுத்திப் பார்ப்பதற்கென்று செய்தவை அவை.

முதல் வியாழனன்று கெமி என்ற ஊரிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

"ஐலா, காத்து எவ்வளவு இருக்கு?"

"இருடி, கண்ணாடிய எங்க வெச்சேன்னு தேடிட்டிருக்கேன்."

"நீ கண்ணாடி தேடி முடிக்கறதுக்குள்ள நாம மேல போய்ச் சேந்துடுவோம்."

"ஏற்கெனவே மேலதானடி இருக்கோம்."

ரீக்கா சிரித்துவிட்டாள். காற்று நான்கு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இந்தப் பெண்கள் வெடித்துச் சிதறினால் அடுத்த வாரம் வரமாட்டார்கள், இவர்களை மாதிரி ஆட்கள் வராவிட்டால் யார்க்கோ போய்விடுவான். விரல் தானாகப் போய் அழுத்தியது. முள் மேலே ஏறியது. "பாத்தியா, நான் திருகுனேன்ல" என்று ஐலா பீற்றிக்கொண்டாள். கப்பல் வீடு சேர்ந்தது. அடுத்த வாரம் அந்த நால்வரும் இன்னும் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு தடவைதான் என்று நினைத்தாள். ருசி கண்ட பூனை உறியைத் தாவாமல் இருக்குமா? அந்த முதல் வியாழனன்றே இன்னும் ஏழு கப்பல்களைக் காப்பாற்றினாள்.

மறுநாள் யார்க்கோ ஆட்ட முடிவுகளைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான். "பத்துல எட்டு வீடு போகுது. ரொம்பச் சுளுவா இருக்கு. ஓட்டைய இன்னும் வேகமா விழ வைக்கறேன்." வைத்தான். அடுத்த வாரம் கப்பல்கள் இன்னும் சீக்கிரம் தடுமாறின, ரீக்கா இன்னும் அதிகம் அழுத்தினாள். அப்போதும் பத்துக்கு எட்டு. "என்ன ஜனங்கடா இது, கில்லாடிங்க" என்று வியந்து, உலையின் சூட்டைக் கூட்டினான். பிள்ளையை ஒருத்தன் கிள்ளினான், தொட்டிலை ஒருத்தி ஆட்டினாள். கிள்ளுகிறவனுக்கு ஆட்டுகிறவள் இருப்பது தெரியாது.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு வாரம் ரீக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்று சென்யாதான் பார்த்துக்கொண்டாள். வந்த ஒன்பது கப்பலும் வெடித்தன. வெட்டவெளிச்சமாக இருந்த அந்த உண்மையை யார்க்கோ தூக்கிக் குப்பையில் போட்டான். "பள்ளிக்கூடத்துக்குப் பனிச்சறுக்கு லீவு வாரம். வந்ததெல்லாம் பொடிசுங்களா இருக்கும். இதக் கணக்குல சேக்காத" என்று செய்தி அனுப்பினான். படுக்கையில் கிடந்தபடி அந்தச் செய்தியைப் படித்த ரீக்கா, சொல்லிவிடுவதற்கு இதுதான் சமயம் என்று தெரிந்தும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் ஆட்டத்தை வெளியிட்டார்கள். கீழே நகராட்சி வண்டி, குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கத் தெருவில் போட்ட ஜல்லியைப் பெருக்கித் தூசி கிளப்பிக்கொண்டு போனதால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் நூற்று நாற்பத்தாறு கப்பல்கள் கிளம்பின. ரீக்காவுக்கு இருந்தது இரண்டே கை. முதல் ஐந்தாறு கப்பல்களைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தினாள். அதற்குள் முப்பது வெடித்துவிட்டன. பிறகு எதை அழுத்துவது என்றே தெரியவில்லை. நான்காவது நிமிடத்தைத் தாண்டிய கப்பல்களை விரல்விட்டு எண்ணலாம். வீடு சேர்ந்தது ஒன்றுகூட இல்லை.

"ஆட முடியலன்னு எழுதறாங்க. போங்கடான்னு ஒருத்தன் எழுதியிருக்கான்" என்றாள் சென்யா.

யார்க்கோ ரீக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "சர்வர்ல கோளாறா? முள்ளெல்லாம் தாமதமாப் போய்ச் சேருதோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ராத்திரிக்குள் ஏதோ சரிசெய்ததாகச் சொல்லி எண்களைக் கமுக்கமாக இறக்கியிருக்கலாம். பதில் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவன் முகத்தில் சந்தேகமே இல்லை, அவளுக்காகக் கவலைதான் இருந்தது. அது அவளைத் தின்றது.

"சர்வர் நல்லாத்தான் இருக்கு, யார்க்கோ. நான்தான் கோளாறு."

"என்னது?"

"வியாழக்கிழமை ஆட்டத்துல அவங்க ஜெயிக்கல. நான் காத்து நெரப்புனேன். தீய அணைச்சேன். மொத நாள்லேருந்து."

"எத்தன தடவ?"

"பதிவுல இருக்கு."

அவள் திறந்து காட்டினாள். வெளியிலிருந்து எந்த எண்ணை மாற்றினாலும் நேரத்தோடு குறித்துக்கொள்ளும்படி அவளே எழுதிவைத்த பதிவு அது. ஆயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு தடவை. யார்க்கோ கீழே கீழே தள்ளிக்கொண்டே போனான். சென்யா எழுந்து போய்க் காப்பி போட்டாள். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"அப்ப என் ஆட்டத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் ஜெயிச்சதில்ல" என்றான் யார்க்கோ.

"நீ போயிடுவேன்னு பயந்தேன்."

"அதுக்கு இப்படியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே கொறச்சிருப்பேனே. ரெண்டு மாசம் நான் யாருக்காக எழுதிட்டிருந்தேன்? உன் வெரலுக்கா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ரீக்காவுக்குச் சுலபமாயிருந்திருக்கும்.

"லீவு வாரத்தத் தூக்கிப் போட்டது யாரு?" என்று காப்பிக் குவளையோடு கேட்டாள் சென்யா. "ஒன்பது கப்பல் வெடிச்சுதுன்னு நான் சொன்னப்ப, பொடிசுங்கன்னு சொன்னியே. அதுல ஒரு குழு தீயணைப்பு நிலையத்து ஆளுங்கடா."

யார்க்கோ அவளைப் பார்த்தான். பிறகு தன் மேஜைக்குப் போய், ஓட்டைக்கும் சூட்டுக்கும் ஜனவரியில் எழுதிய முதல் எண்களைத் தேடி எடுத்துப் போட்டான். "ரீக்கா, பொத்தான எல்லாம் எடுத்துடு" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

ஏழையும் அழித்தாள். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மணி மூன்றானபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒரு குழு நண்பகலிலிருந்து பதினொரு தடவை வெடித்திருந்தது. தாங்கள் பேசுவதை ஆட்டத்தைச் செய்தவர்கள் கேட்கலாம் என்று அவர்கள் அனுமதித்திருந்தார்கள். மூவரும் ரீக்காவின் திரை முன்னால் கூடிவிட்டார்கள். முகம் தெரியாத அந்த நால்வர் மாற்றிய எண்களில் பன்னிரண்டாவது தடவையாகக் கிளம்பினார்கள்.

"டேய், உலை ஏறுது."

"ஏறட்டும். நீ எண்ணச் சொல்லு, பொலம்பாத."

எட்டாவது நிமிடத்தில் காற்று மூன்று சதவீதம். ரீக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை தண்ணீரில் விழுவதைக் கரையிலிருந்து பார்ப்பது மாதிரி இருந்தது. கப்பல் வெடித்தது.

அவ்வளவுதான், இவர்களும் போய்விடுவார்கள் என்று ரீக்கா நினைத்தாள்.

"என் தப்பு" என்றது ஒரு குரல். "அடைப்ப விட்டுட்டுக் காத்தப் பாத்திருக்கணும்."

"உன் தப்புன்னு எங்களுக்கும் தெரியும். போடு, மறுபடி."

போட்டார்கள். இந்தத் தடவை குறுக்கே குறுக்கே பேசாமல், எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டே போனார்கள். பத்து நிமிடம், பதினொன்று. காற்று இரண்டு, உலை சிவப்பு. சென்யா நகத்தைக் கடித்தாள். பன்னிரண்டில் கப்பல் வீடு சேர்ந்தது. அந்தப் பக்கம் நால்வரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். தான் தொடாத ஒரு வெற்றியை ரீக்கா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, அவள் மறைக்கவில்லை.

யார்க்கோ சிரிக்கவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணலையே?"

"இல்ல."

அவன் அவள் கையருகே இருந்த மவுஸை எடுத்து, பதிவைத் திறந்தான். பொத்தான் போனாலும் சர்வர் இன்னும் அவள் கையில்தான் என்பது அவனுக்குத் தெரியும். ரீக்கா நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். முன்பெல்லாம் அவள் சொன்னால் போதும். இனி கொஞ்ச நாளைக்குப் போதாது. அது அவளுக்கு வலித்தது. நியாயம்தான் என்றும் பட்டது.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு நேரான இடத்தில் ஒரு வரியும் இல்லை. யார்க்கோ இன்னொரு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அதன் பிறகுதான் சிரித்தான்.