சஜீதின் யாசீன் புத்தகம்

தெரியாமல் செய்தால் அது பிழை. கண்ணால் கண்டும் பேசாமல் விட்டால் அதற்கென்ன பெயர்? ஓர்ஸ் ஹில் அச்சகத்தில் கொம்பியூட்டரில் பக்கம் அமைக்கிற நிருபனைத்தான் கேட்க வேண்டும்.

இறக்கக்கண்டியில் சித்தி பரீதா என்கிற பெண்ணின் மகன் சஜீத் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவனது உடல், அந்த மையித்தும் கரை சேரவில்லை. இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதும் நாற்பதாம் நாள் கத்தத்தில் ஓதக் கொடுப்பதற்கு, அட்டையில் அவன் பெயர் போட்டு, குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தைப் புத்தகமாக அடிக்கச் சொல்லியிருந்தாள் தாய். அரபும் உண்டு, கீழே தமிழ் விளக்கமும் உண்டு. தமிழ் வரிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி பல்லிளித்தது. வரி முடிவில் சொல்லை உடைத்துக் கோடு போடுகிற வசதியை நிருபன் முழுப் புத்தகத்துக்கும் கொடுத்துவிட்டான். கொம்பியூட்டருக்கு என்ன, அது அரபையும் சேர்த்து உடைத்துத் தள்ளியது! அரபில் சொல்லை உடைக்கக்கூடாது, இடம் மிஞ்சினால் எழுத்தைத்தான் நீட்டி இழுக்கவேண்டும் என்று முதலாளி படித்துப் படித்துச் சொன்னவர். அச்சுக்குக் கொடுக்கும்போதே கோடுகள் நிருபனின் கண்ணில் பட்டன. கூட்டாளி வினோதனின் கலியாண வீட்டுக்கு நேரமாகிவிட்டது. ஆர் பார்க்கப்போகினம் என்று விட்டுவிட்டான்.

பார்த்தது சித்தி பரீதாவேதான். தன் தம்பி கலீலுர் றஹ்மானிடம் புத்தகப் பெட்டியைத் தூக்கக் கொடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மகன், ஓதிக்கொண்டு போறன், சொல்லு பாதியில அறுந்து நிக்குது. இதை எப்படிச் சனத்துக்குக் குடுக்கிறது?”

“கொம்பியூட்டர் பிழை அம்மா,” என்றான் நிருபன், நாக்கூசாமல்.

“ஓம், மிசின்தானே. உங்களுக்கு அரபும் விளங்காது. நீங்க என்ன செய்வீங்க?”

ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். “நாளைக்கே வேற அடிச்சுத் தாறன். இதைக் கழிவுக் கடதாசியோட போட்டுவிடுறன்,” என்றான்.

“ஐயோ! அல்லாஹ்ட வசனம். குப்பையில போட ஏலாது. மையவாடியில அடக்கவேணும்.”

குற்றம் உறுத்த, குழி தோண்ட நிருபனே அந்த அடக்கத்தலத்துக்குப் போனான். கலீலுர் றஹ்மான் புத்தகங்களை வெள்ளைத் துணியில் சுற்றி இறக்கினார். சஜீதின் பெயர் மேலே தெரிந்தது. நிருபன் மண்ணைத் தள்ளினான்.

சித்தி பரீதா மையவாடி வாசலுக்கு வெளியே காத்து நின்றாள்.

“என்ட புள்ளைக்கு மண் கிடைக்கல்ல. அவன்ட பேருக்காவது கிடைச்சிட்டு. நீங்க நல்லா இருக்கணும், மகன்.”

அதற்குமேல் நிருபனால் தாங்க முடியவில்லை. “அம்மா, அந்தக் கோடுகளை நான் கண்டனான். கலியாண வீட்டுக்குப் போற அவசரத்தில விட்டிட்டன்.”



“கலியாண வீட்டில வயிறு நிறையச் சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள் சித்தி பரீதா.