நாளை முதல் விடுதலை

அரையாண்டுப் பரீட்சை முடிந்த மத்தியானம், பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் தர்சிகா எழுதியது மூன்றே சொல்: "நாளை முதல் விடுதலை." அதற்காகத் தலைமையாசிரியர் நாகேந்திரன் அவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பப் போகிறாராம். கேட்டதும் விடைத்தாள் கட்டை அப்படியே போட்டுவிட்டு அவர் அறைக்கு நடந்தேன்.

தர்சிகா மூன்று வருடத்துக்கு முன்னால் இலங்கையில் தலைமன்னாரிலிருந்து அப்பா அம்மாவோடு படகில் வந்து இறங்கியவள். அகதி முகாமில் இருக்கிறாள். சாரின் அறையில் சுவரோரம் நின்றிருந்தாள். விரலில் சாக்பீஸ் தூள் இன்னும் போகவில்லை.

"வாங்க ஜோதிமேரி டீச்சர். உங்க தமிழ் வகுப்புப் பிள்ள எழுதுனதப் பாத்தீகளா? விடுதலையாம் விடுதலை. நாளைக்குப் போலீஸ் வந்து நின்னா யாரு பதில் சொல்றது?"

"சார், அவுக ஊர்ல பள்ளிக்கூட லீவுக்கு விடுதலைன்னுதான் சொல்லுவாக. நாளையிலருந்து லீவுன்னு எழுதிருக்கா. அம்புட்டுத்தான்."

"ஓம் சார், அதைத்தான் எழுதினனான்," என்றாள் தர்சிகா.

"ஓமாம் ஓம். இந்தப் பேச்ச இங்கன பேசக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியாச்சு? முகாம் பிள்ளைகளச் சேத்தாலே வம்புதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை லீவு, பெல், பீரியட் என்று வாய் நிறைய இங்கிலீஷ் பேசுகிறவர் இவர். ஒரு பிள்ளை தமிழில் எழுதினால் போலீஸ் ஞாபகம் வருகிறது. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. இப்போது டி.சி.யோடு போனால் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? அவள் படிப்பே போச்சு.

"லீவுன்னு எழுதியிருந்தா விட்ருப்பீகளா சார்?"

"அது வேற டீச்சர்."

"எது வேற? சொல்லா, பிள்ளையா?"

அவர் டி.சி. எழுதப் பேனாவைத் திறந்தார்.

நான் வெளியே வந்தேன். வாசல் அறிவிப்புப் பலகையில் எழுதுவது எப்போதும் என் வேலைதான். பழையதை அழித்துவிட்டு, "நாளை முதல் விடுதலை" என்று பெரிதாக எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டேன். மணி அடித்ததும் பிள்ளைகள் வந்து மொய்த்தார்கள். "ஏலே, நாளையிலருந்து விடுதலைலே" என்று கத்திக்கொண்டே பள்ளிக்கூடம் முழுக்க பஸ்ஸுக்கு ஓடியது. நாகேந்திரன் சார் கதவருகே வந்து நின்றார்.

"மொத டி.சி.ய எனக்கு எழுதுங்க சார். அப்புறம் இந்தா ஓடுதுல்ல, இத்தன பிள்ளைகளுக்கும் எழுதுங்க. நானும் பக்கத்துலயே உக்காந்து எழுதித் தாரேன்."

கையிலிருந்த பேனாவை மூடினார். "பிள்ளைய வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. லீவு முடிஞ்சு வரட்டும்," என்றார். அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

தர்சிகா பையை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். 'போயிட்டு வாறன் டீச்சர்' என்பதுதான் தினமும் அவள் சொல்வது. அன்றைக்கு நின்று, யோசித்து, எங்கள் ஊர்ப் பிள்ளை மாதிரியே சொன்னாள்:

"வாரேன் டீச்சர். லீவு முடிஞ்சு பாப்போம்."

ஜெயித்தது நான்தான் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்கள். அவள் வாயில் வந்த அந்த 'லீவு'க்காக அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.