கணப்புக்குள் கணப்பு

என் மச்சினன் ஜெத்ரோ கட்டட மேஸ்திரி. அவன் கண்ணுக்கு எங்கள் பண்ணை வீடு வெறும் பாரம். "புகைபோக்கி செத்துப்போச்சு அண்ணி. திங்கட்கிழமை ஆளுங்களோட வந்து இடிச்சிடறேன். அது போனா கூரையும் நிக்காது. மொத்தமா தள்ளிட்டு, சின்னதா செங்கல் வீடு கட்டிக்கலாம்" என்றான். என் புருஷன் அமோஸும் தலையாட்டினான். குளிர்காயச் சுவரில் கட்டிய கணப்பை மூட்டினால் புகை கூடத்துக்குள்தான் வரும். இருமி இருமி அவனுக்கு அலுத்துவிட்டது.

நான் விடுவேனா? ஓக் மரச் சட்டங்களை நிறுத்தி, இடையில் களிமண் அப்பிய ஹெரிஃபோர்டு வட்டாரத்துப் பழைய வீடு. தரை கோணல்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே! நான் மூன்று பிள்ளை பெற்ற வீட்டை இவன் தள்ளுவானாமா?

ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் கணப்பின் பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே காலியாக இருப்பதுபோல் டொங்கென்றது. கடப்பாரையை எடுத்தேன்.

"ஏய் ஹெஸ்டர், பைத்தியமா உனக்கு? ஞாயித்துக்கிழமையில வேலையா?"

"உன் தம்பி நாளைக்கு இடிக்கத்தானே போறான்? நான் இன்னிக்கே ஆரம்பிக்கிறேன். தள்ளு!"

பச்சை ஓடு பதித்த கணப்பு பெயர்ந்தது. பின்னால் அமோஸின் தாத்தா வைத்த இரும்புக் கணப்பு. அதற்கும் பின்னால் செங்கல் கணப்பு! இந்தக் குடும்பத்தில் எவரும் பழசை எடுத்துப் போட்டதே இல்லை. புதுசு வந்தால் பழசின் வாய்க்குள்ளேயே வைத்துப் பூசிவிடுவார்கள், சோம்பேறிகள்.

கடைசி வரிசைச் செங்கல் சரிந்ததும், மேலே புகைபோக்கியை அடைத்துக்கொண்டிருந்த காக்கைக் கூட்டுச் சுள்ளி வண்டி வண்டியாகக் கொட்டியது. புழுதி அடங்கினால், அம்மாடி, எதிரே ஒரு அறை அளவுக்கு ஆதிக் கணப்பு இருந்தது! குறுக்கே ஒரே மரத்தில் ஓக் உத்திரம். ஓரத்தில் ரொட்டி அடுப்பு. உள்ளேயே உட்காரக் கல்மேடைகள். அண்ணாந்து பார்த்தால் வானம்.

அமோஸ் கட்டை அடுக்கினான். நான் பற்றவைத்தேன். புகை கொஞ்சம் சுருண்டது. பிறகு விறுவிறுவென்று நேரே மேலே ஏறிப்போனது.

"ஏறுது பாருடி! ஏறுது!" என்று அமோஸ் என்னைத் தூக்கிச் சுற்றினான். என் கனத்துக்கு அவன் இடுப்பு பிழைத்ததே பெரிசு.

மறுநாள் ஜெத்ரோ ஆட்களோடு வந்து நின்றான். உத்திரத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"இதை இடிக்கிறவன் மனுஷனே இல்ல அண்ணி."

"அப்போ சம்மட்டியை வெளியே போட்டுட்டு உள்ளே வா."

என் வீட்டை இடிக்க வந்த அத்தனை பேரும் அந்தக் கணப்புக்குள் கல்மேடைகளிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்து, என் பன்றித்தொடையையும் ரொட்டியையும் தின்று தீர்த்தார்கள்.