தாத்தா பெயர் இல்லாத கல்லூரி

என் கணவர் எல்லிஸ் வீட்டில் மூன்று தலைமுறையாக எல்லோருக்கும் ஒரே கல்லூரி. அங்கே ஆற்றங்கரையில் நிற்கும் படகுக் கொட்டகைக்கு என் மாமனார் பெயர்தான். பழைய மாணவரின் பிள்ளை என்றால் அங்கே தனி மவுசு. அதுவும் நவம்பரிலேயே முந்தி விண்ணப்பித்துவிட்டால் இடம் கிடைத்த மாதிரிதான். எங்கள் மகள் ஹேட்டியும் அங்கேதான் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அப்போதே எரிச்சல்.

எல்லிஸ் வருடாவருடம் அந்தக் கல்லூரிக்காக எங்கள் ஊர்ப் பிள்ளைகளை நேர்காணல் செய்வார். சொந்தப் பிள்ளை விண்ணப்பிக்கும் வருடம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இந்த வருடம் ஒதுங்கியதை ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

நவம்பர் நடுவில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. உங்கள் மகள்தான் விண்ணப்பிக்கவில்லையே, நீங்களே வந்து நேர்காணல் செய்யலாமே என்றார்கள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

ஹேட்டி எதையும் மழுப்பவில்லை. மெய்ன் மாநிலக் கடற்கரையில், கடலியலுக்குப் பெயர்போன வேறொரு கல்லூரிக்கு முந்தி விண்ணப்பித்திருந்தாள். அவர்கள் எடுத்துக்கொண்டால் அங்கேதான் சேர வேண்டும், பேச்சு மாறக் கூடாது. அதற்குப் பெற்றோரில் ஒருவர் கையெழுத்து வேண்டும். போட்டது நான்.

"அங்க நம்மள யாருக்குத் தெரியும்?" என்றார் எல்லிஸ்.

"யாருக்கும் தெரியாதுப்பா. அதுக்குத்தான் போட்டேன். ஸ்கூல்ல நான் ராப்பகலா படிச்சாலும், 'உனக்கென்னடி, தாத்தா கொட்டகை இருக்கு'ங்கிறாளுக."

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா போகட்டும். கிடைச்சா அது என்னோடது."

அதன்பின் ஒரு மாதம் எல்லிஸ் நாயோடு மட்டும்தான் பேசினார். எனக்கும் பயம்தான். கிடைக்காமல் போனால் பெண் உடைந்துபோவாள், பழி என் தலையில் விழும்.

டிசம்பரில் முடிவு வந்த மாலை, ஹேட்டி சமையலறையில் லேப்டாப்பைத் திறந்தாள். எல்லிஸ் தண்ணீர் குடிக்க வந்தவர்போல் பின்னால் வந்து நின்றார். அவள் படித்தாள், மறுபடி படித்தாள், பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். எடுத்துக்கொண்டார்கள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்; அவளோ சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எல்லிஸ் குனிந்து திரையைப் படித்தார். "எனக்கு இடம் கிடைச்சப்போ எல்லாரும் எங்கப்பாவுக்குத்தான் கை குடுத்தாங்க" என்றார்.

அதற்குள் ஹேட்டி அனுப்பிய மெசேஜைப் பார்த்து அவர் தம்பி போனில் வந்துவிட்டான், அண்ணனை வாழ்த்த.

"எனக்கெதுக்குடா சொல்ற? இடம் வாங்கினவ இங்க இருக்கா, அவகிட்ட சொல்லு" என்று போனை மகள் கையில் கொடுத்தார்.